இரண்டு காதுக்கு எத்தனை ஒலிபெருக்கி?

சென்ற தீபாவளிக்குக் கிடைத்த அங் பாவ் பணத்தை எண்ணி முடித்த கையோடு என் அக்கா மகன் என்னிடம் வந்தான். உயர்நிலை மூன்றில் படிக்கிறான். கையில் 160 வெள்ளி இருந்தது. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஐந்து சின்ன ஒலிபெருக்கிகள், ஒரு பெரிய கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘5.1’. விலை 149 வெள்ளி.

“மாமா, இத வாங்கினா கேம்ல பின்னாடி வர்ற காலடிச் சத்தம் பின்னாடியே கேட்கும். வாங்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். காரணம் சொல்லாமல் அனுப்பிவிடக்கூடிய வயது இல்லை. அன்று மாலை அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே படிக்கிற மேசையிலேயே விளையாடி, பாட்டுக் கேட்டு, படமும் பார்க்கும் மாணவர்கள் பலர். ஆண்டிறுதி விடுமுறை வந்தால் இதே கேள்வியோடு சிம் லிம் ஸ்குவேரிலும் இணையக் கடைகளிலும் சுற்றுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 200 வெள்ளிக்குள். கேட்கப் போவது படுக்கையறையில், ஒரு மேசைக்கு முன்னால், நீங்கள் ஒருவர் மட்டும். அப்படியானால் ஐந்து ஒலிபெருக்கித் தொகுப்பு வாங்காதீர்கள். பெட்டியில் ‘7.1’ என்று போட்டிருக்கிறது என்பதற்காக ஒரு ஹெட்ஃபோனையும் வாங்காதீர்கள். நல்ல ஒலிபெருக்கி இரண்டு போதும், அல்லது அலங்காரம் இல்லாத நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும். மீதி வேலையைக் கணினியும் உங்கள் மூளையும் பார்த்துக்கொள்ளும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். தேசிய சேவை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் ஓர் ஐந்து ஒலிபெருக்கித் தொகுப்பை வாங்கி வந்தேன். அப்போது தோ பாயோவில் நான்கறை வீட்டில் இருந்தோம். முன்னால் வைக்க வேண்டிய மூன்றும் மேசையில் உட்கார்ந்துவிட்டன. பின்னால் வைக்க வேண்டிய இரண்டுக்கு இடமில்லை. நாற்காலிக்குப் பின்னால் கட்டில், கட்டிலுக்குப் பின்னால் சுவர். ஒன்றை அலமாரி உச்சியில் ஏற்றினேன். இன்னொன்றைச் சன்னல் விளிம்பில் வைத்தேன். கம்பிகளை வாசலைத் தாண்டித் தரையோடு ஒட்டினேன். மூன்றாவது வாரம் அம்மா அதில் கால் தடுக்கினார். அன்றிரவே இரண்டும் பெட்டிக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள், ஐந்துக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டில் பாட்டுக் கேட்டேன். அந்த இரண்டும் கைமுட்டி அளவுதான். ஒலியும் அவ்வளவுதான்.

காது போடும் கணக்கு

சரி, இரண்டு ஒலிபெருக்கி எப்படிப் போதும்? அதற்கு, காதுக்குத் திசை எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு விழித்திரை இருக்கிறது. வலப்பக்கப் பொருளின் ஒளி அதில் ஓரிடத்தில் விழும், இடப்பக்கப் பொருளின் ஒளி வேறோர் இடத்தில் விழும். காதுக்கு அப்படி ஒரு திரை கிடையாது. செவிப்பறை உள்ளேயும் வெளியேயும் அதிர்கிறது, அவ்வளவுதான். அம்மா கூப்பிடும் குரல், விசிறிச் சத்தம், கீழே போகும் பேருந்து எல்லாம் கலந்து ஒரே அதிர்வாகத்தான் உள்ளே போகின்றன. எது எங்கிருந்து வந்தது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது.

முதல் கணக்கு நேரம். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். உங்கள் நேர் வலப்பக்கம் ஒருவர் கைதட்டினால், அந்த ஒலி தலையைச் சுற்றி இடக்காதை அடைய சுமார் 22 சென்டிமீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். 0.22ஐ 343ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை, சுமார் 0.64 மில்லி விநாடி. இதுதான் உச்ச அளவு. கைதட்டியவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் வித்தியாசம் இன்னும் குறையும். மூளை அதையும் பிடித்துவிடும்.

நம்ப முடியவில்லையா? மீன் தொட்டிக்குக் காற்று செலுத்தும் மெல்லிய குழாய் ஒரு மீட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்து பாருங்கள். குழாயின் நடுவில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு முனைகளையும் இரண்டு காதுகளின் வாசலில் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம். குழாய் முதுகுப் பக்கமாகத் தொங்கட்டும், உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடாது. தம்பியையோ தங்கையையோ பென்சிலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். நடுக்கோட்டிலிருந்து இரண்டொரு சென்டிமீட்டர் தள்ளித் தட்டினாலே, வலமா இடமா என்று பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் இரு பாதைகளுக்கும் வித்தியாசம் 2 சென்டிமீட்டர். நேரத்தில் அது சுமார் 58 மைக்ரோ விநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் 58 துண்டுகள். எந்தக் கடையிலும் விற்காத கருவி ஒன்று உங்கள் தலைக்குள் இலவசமாக இருக்கிறது.

இரண்டாவது கணக்கு ஒலியின் அளவு. கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளுக்குத் தலை ஒரு சுவர்போல நின்று நிழல் விழச் செய்கிறது. நிழலில் உள்ள காதுக்கு ஒலி குறைவாகக் கேட்கும். தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் தலையைவிட மிகப் பெரியது. அவை தலையைச் சுற்றி வளைந்து போய்விடும், நிழலே விழாது. ஆகவே தாழ்ந்த ஒலிகளுக்கு நேரக் கணக்கு, உயர்ந்த ஒலிகளுக்கு அளவுக் கணக்கு. இதை 1907இலேயே பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலி பிரபு எழுதிவைத்துவிட்டார்.

இப்போது ஒரு சிக்கல். ஒலி நேர் முன்னாலிருந்து வந்தாலும், நேர் பின்னாலிருந்து வந்தாலும், உச்சந்தலைக்கு மேலிருந்து வந்தாலும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் அடையும். அப்படியானால் முன் பின் எப்படித் தெரிகிறது? அங்கேதான் காதுமடல் வருகிறது. அதிலுள்ள மேடு பள்ளங்கள், எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறதோ அதற்கேற்பச் சில அதிர்வெண்களைக் கூட்டியும் குறைத்தும் உள்ளே அனுப்புகின்றன. அந்தச் சாயலை மூளை சிறு வயதிலிருந்தே படித்து வைத்திருக்கிறது.

1998இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் சிலரின் காதுமடல் பள்ளங்களை அச்சு வைத்து நிரப்பினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று சொல்லும் திறன் அவர்களுக்கு உடனே கெட்டுப்போனது. வலம் இடம் மட்டும் தெரிந்தது. அச்சைக் கழற்றாமல் சில வாரங்கள் நடமாடவிட்டார்கள். மூளை புதிய காதைப் படித்துக்கொண்டது, திறன் மெல்ல மெல்லத் திரும்பியது. கடைசியில் அச்சை எடுத்தபோது பழைய காதும் உடனே வேலை செய்தது. இரண்டு மொழி பேசும் பிள்ளைபோல மூளை இரண்டையும் வைத்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

இதிலிருந்து நமக்குத் தேவையானது ஒன்றுதான். உங்களைச் சுற்றி ஐந்து இடங்களில் ஒலி எழும்பினாலும் நூறு இடங்களில் எழும்பினாலும், மூளைக்குப் போவது இரண்டு அதிர்வுகள் மட்டுமே. அந்த இரண்டையும் சரியாக உருவாக்க முடிந்தால், எத்தனை ஒலிபெருக்கி இருந்தது என்று மூளை கேட்கப்போவதில்லை.

ஐந்து எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் இஎம்ஐ நிறுவனத்தில் வேலை செய்த ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர், பின்னாளில் தன் மனைவியான பெண்ணுடன் திரையரங்குக்குப் போனாராம். நடிகர் திரையின் ஒரு மூலையில், குரல் வேறோர் இடத்தில். அது அவரை உறுத்தியிருக்கிறது. 1931இல், இன்று நாம் ஸ்டீரியோ என்று அழைக்கும் முறைக்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்தார். இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே குரலை ஒரே அளவில் தந்தால், குரல் இரண்டிலிருந்தும் வருவதாகத் தோன்றாது, நடுவில் காலி இடத்திலிருந்து வரும். ஒரு பக்கத்தைச் சற்றுக் கூட்டினால் குரல் அந்தப் பக்கம் நகரும்.

ஆனால் திரையரங்கில் ஒரு தொல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சரியாக நடுவில் இருப்பவர் சிலர்தான். ஓரத்தில் உள்ளவருக்கு அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி முதலில் வந்துவிடும். முதலில் வந்த பக்கத்தையே மூளை நம்பும். நடுவில் நிற்கவேண்டிய கதாநாயகன் குரல் சுவரோரம் போய்விடும். எனவே திரைக்குப் பின்னால் நடுவில் உண்மையாகவே ஓர் ஒலிபெருக்கி தேவைப்பட்டது. பின்னால் வரும் ஒலிக்குப் பின்சுவரிலும் பக்கச்சுவர்களிலும் ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டன. வால்ட் டிஸ்னி 1940இல் ‘ஃபேன்டேசியா’ படத்திலேயே இதற்கு முயன்றார். 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டோல்பி டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வந்தபோது, முன்னால் மூன்று, சுற்றி இரண்டு, இடி குண்டு போன்ற ஆழ்ந்த ஒலிக்குத் தனியாக ஒரு சிறிய தடம் என்ற அமைப்பு பரவியது. அந்தச் சிறிய தடம்தான் ‘.1’.

கவனித்தீர்களா? நடு ஒலிபெருக்கி பிறந்ததே, எல்லோரும் நடுவில் உட்கார முடியாது என்பதால்தான். உங்கள் மேசைக்கு முன்னால் இருப்பது ஒரே நாற்காலி. அது நடுவில்தான் இருக்கிறது! 149 வெள்ளித் தொகுப்பில் அந்த ஒன்றுக்குக் கொடுக்கும் காசு அப்போதே வீண்.

பின்னால் உள்ள இரண்டின் கதை வேறு. உண்மையான ஒலிபெருக்கி உண்மையாகவே முதுகுக்குப் பின்னால் இருந்தால் முன் பின் குழப்பம் வராது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் வேண்டும். அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரைப்படி முன் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையில் இருக்க வேண்டும். சுற்று ஒலிபெருக்கிகள் 100இலிருந்து 120 பாகைக்குள், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். எல்லாம் உங்களிடமிருந்து சம தூரத்தில். வீவக வீட்டுப் படுக்கையறையில் ஓர் அளவுநாடாவை எடுத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் அலமாரிக் கதவு இடிக்கும், மறுபக்கம் வாசல். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். முன்னால் உள்ளது ஒரு மீட்டரிலும் வலப்பின் ஒலிபெருக்கி அரை மீட்டரிலும் இருந்தால், எதிரி எங்கே வந்தாலும் உங்கள் வலத்தோளுக்குப் பின்னால் வருவதுபோலத்தான் இருக்கும். தவறான இடத்தில் வைத்த ஐந்து, சரியான இடத்தில் வைத்த இரண்டைவிட மோசம்.

அந்தக் கறுப்புப் பெட்டி, அதுதான் சப்வூஃபர், அதன் சங்கதியும் இருக்கிறது. மூன்று மீட்டர் அகல அறையில், அரை அலைநீளம் சரியாக மூன்று மீட்டராக அமையும் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே மோதி மோதி வலுக்கும். 343ஐ 6ஆல் வகுத்தால் சுமார் 57 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் வேலை செய்யும் இடமே அதுதான். சில பாட்டில் அந்த ஒரு சுரம் மட்டும் அறையே உறுமுவதுபோலக் கேட்கும், மற்றவை காணாமல் போகும். அந்த உறுமல் சிமெண்டுச் சுவரையும் தரையையும் தாண்டிக் கீழ்வீட்டு ஆண்ட்டியின் கூரைக்கும் போகும். அவர் கதவைத் தட்டும்போது ‘5.1’ என்று சொல்லிப் பயனில்லை.

பெட்டியின் மேல் உள்ள எண்கள்

149 வெள்ளியை ஆறு பெட்டிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 25 வெள்ளி கூட இல்லை. அதற்குள் ஒலிபெருக்கிக் கூம்பு, காந்தம், பெட்டி, மின்பெருக்கி, கம்பி, தயாரித்தவர் லாபம், கடைக்காரர் லாபம். அதே பணத்தை இரண்டுக்குக் கொடுத்தால் ஒன்றுக்கு 75 வெள்ளி. பெரிய கூம்பும் கனமான பெட்டியும் கிடைக்கும். என் வாதத்தில் பாதி இந்த வகுத்தல் கணக்குதான்.

வாட் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். ‘பிஎம்பிஓ’ என்ற சொல்லோடு ஆயிரம், இரண்டாயிரம் என்று போட்டிருந்தால் அது கண் சிமிட்டும் நேரத்துக்கு வரக்கூடிய கற்பனை உச்சம். ‘ஆர்எம்எஸ்’ என்று எழுதிய எண்தான் தொடர்ந்து தரக்கூடியது. வெறும் யூஎஸ்பி கம்பியில் ஓடும் ஒலிபெருக்கிக்கு ‘50 வாட்’ என்று போட்டிருந்தால் நீங்களே கணக்குப் போடுங்கள். பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். மீதி 47.5 வாட் எங்கிருந்து வரும்? வாட் இரண்டு மடங்கானாலும் ஒலி கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்குச் சற்றே கூடியதுபோல இருக்கும். மேசையில் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்பவருக்குச் சில வாட்டே தாராளம்.

இன்னொரு மறைவான செலவு. கம்பி வழி இணைக்கும் ஐந்து ஒலிபெருக்கித் தொகுப்புக்கு மூன்று செருகிகள் உண்டு. பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். உங்கள் மடிக்கணினியில் துளை ஒன்றே ஒன்று. வெளியே மாட்டும் ஒலி அட்டை தனியாக வாங்க வேண்டும். புளூடூத் வழியில் அனுப்பிவிடலாம் என்றால், பாட்டுக் கேட்க நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் புளூடூத் முறை இரண்டு தடங்களைத்தான் சுமக்கும். நீங்கள் கணினியில் கேட்கும் பாடல்களும் பார்க்கும் காணொளிகளும் கூடப் பெரும்பாலும் இரண்டு தடங்கள்தான். ஒரு வாரம் எதையெல்லாம் கேட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அதில் ஐந்து தடம் உள்ளது எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். என் அக்கா மகனுக்கு விளையாட்டு மட்டும்தான் தேறியது.

வரவேற்பறையில் குடும்பமே சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்க ஒரு தொகுப்பு வேண்டும் என்று அப்பா கேட்டால், அது வேறு கதை. அங்கே பலர், பல இருக்கைகள், பின்னால் இடம். ஐந்து ஒலிபெருக்கிக்கு நியாயம் உண்டு. காசும் அப்பாவுடையது.

இரண்டை எப்படி வைப்பது

இரண்டு ஒலிபெருக்கி வாங்கியவர்களில் பலர் அவற்றைத் திரைக்குப் பின்னால் ஒட்டி ஒளித்துவைக்கிறார்கள். அதுவும் வீண்தான். ஒலிபெருக்கிகள் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் 80 சென்டிமீட்டர். இரண்டும் உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். சின்னக் கூம்பு காது உயரத்துக்கு வர வேண்டும். பழைய பாடப்புத்தகங்கள் இதற்கு நன்றாக உதவும். மூலையில் நெருக்கி வைத்தால் தாழ்ந்த ஒலி உப்பிக் குழம்பும், கொஞ்சம் வெளியே இழுங்கள்.

சரியாக வைத்தோமா என்று சோதிக்க ஒலி 96.8இல் செய்தி வாசிப்பதைக் கேளுங்கள். கண்ணை மூடினால் வாசிப்பவர் திரையின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தூரம் சமமில்லை. குரல் எங்கே என்றே தெரியாமல் தலைக்குள் பரவிக் கிடந்தால், பின்னால் கம்பி மாட்டும் வகையாக இருப்பின், ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெட்ஃபோனும் பின்னால் வரும் காலடியும்

அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பின்னால் வரும் காலடி?

இரண்டு காதுக்கு இரண்டு அதிர்வு என்று பார்த்தோம் அல்லவா? ஹெட்ஃபோன் அந்த இரண்டையும் நேராகக் காதிலேயே கொடுக்கிறது. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒலியைத் தலையும் காதுமடலும் எப்படி மாற்றுகின்றன என்று ஆய்வகத்தில் அளந்து அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். எச்ஆர்டிஎஃப் என்பது அதன் பெயர். காலடி பின்னால் 150 பாகையில் என்றால், கணினி அந்த அட்டவணையைப் பார்த்து இரண்டு காதுக்கும் வேண்டிய நேர வித்தியாசம், அளவு வித்தியாசம், காதுமடல் சாயல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும். இது மென்பொருள். எந்த ஹெட்ஃபோனிலும் ஓடும். ‘7.1’ என்று விற்கப்படும் ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு காதுக்கு ஓர் ஒலிப்பான்தான் இருக்கிறது. அந்த எண்ணும் இதே வகை மென்பொருளைத்தான் குறிக்கிறது.

விண்டோஸ் கணினியில் அது ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. விண்டோஸ் சோனிக் என்று பெயர், 2017 முதல் விண்டோஸ் 10இல் வருகிறது. ஒலி அமைப்புகளில் வெளிசார் ஒலி என்ற பகுதிக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. வெலொரன்ட், கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற ஆட்டங்கள் தங்களுக்குள்ளேயே இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. அப்போது விண்டோஸில் உள்ளதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் உப்புப் போட்ட சாம்பாருக்கு இன்னொருவர் வந்து உப்புப் போட்ட கதைதான்.

இதிலும் குறை உண்டு. அட்டவணையில் உள்ள காது உங்கள் காது அல்ல. சிலருக்கு நன்றாகப் பொருந்தும், சிலருக்கு முன்னால் வருவது பின்னால் கேட்கும். நிஜ வாழ்க்கையில் குழப்பம் வந்தால் தலையைச் சற்றுத் திருப்புவோம், ஒலி எந்தக் காதுக்கு நெருங்குகிறது என்று பார்த்து முன் பின்னைக் கண்டுபிடிப்போம். சாதாரண ஹெட்ஃபோனில் தலையைத் திருப்பினால் ஒலியும் கூடவே திரும்பிவிடும். ஆனால் விளையாட்டில் தலையைத் திருப்புவது சுட்டி! சுட்டியை லேசாக வலப்பக்கம் நகர்த்துங்கள். காலடி இடக்காதுக்கு நகர்ந்தால் அவர் முன்னால், வலக்காதுக்கு நகர்ந்தால் பின்னால். 7.1 பெட்டிக்குக் கூடுதலாக 80 வெள்ளி கொடுப்பதைவிட இந்தப் பழக்கம் அதிகம் உதவும்.

‘ஒவ்வொருவர் காதும் வேறு’ என்ற இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. ‘பீப்’ என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த வீட்டுக் கணினிகளை உலகெங்கும் பாடவும் பேசவும் வைத்த அட்டைகளில் அது முக்கியமானது. அதே நிறுவனம் பின்னாளில் சூப்பர் எக்ஸ்-ஃபை என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. கைப்பேசியால் உங்கள் முகத்தையும் காதுகளையும் படமெடுத்து, உங்கள் காதுக்கேற்ற கணக்கைப் போட முயலும் வழி அது. சிம் 2023 சனவரியில் காலமானார். நாலைந்து ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் வழக்கத்தைக் கணினி மேசைக்குக் கொண்டுவந்ததில் பங்குள்ள ஒரு நிறுவனமே கடைசியில் இரண்டு காதுக்குத் திரும்பியது என்பதை நான் கொஞ்சம் ரசிக்கிறேன்.

ஹெட்ஃபோன் பக்கம் சாய்கிறவர்களிடம் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். காலடி கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டாதீர்கள். காலடியோடு குண்டுச் சத்தமும் கூடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூட்டும்போதும் நேரம் பாதியாகும். பெரியவருக்கே 89 டெசிபெல்லில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. விசிறி இரைச்சலை மறைக்கத்தான் ஒலியைக் கூட்டுகிறீர்கள் என்றால், காதை முழுக்க மூடும் வகை ஹெட்ஃபோனாக வாங்குங்கள். குறைந்த ஒலியிலேயே கேட்கும்.

என் அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க பழைய ஆளு மாமா” என்றான். குழாய்ச் சோதனையை மட்டும் செய்து பார்த்தான். பிறகு தன் பழைய இயர்ஃபோனில் விண்டோஸ் சோனிக்கைப் போட்டு ஒரு வாரம் விளையாடினான். கடைசியில் காரோசலில் ஒருவர் விற்ற ஒரு ஜோடி ஒலிபெருக்கியை 70 வெள்ளிக்கும், எந்த எண்ணும் விளக்கும் இல்லாத ஒரு ஹெட்ஃபோனை 60 வெள்ளிக்கும் வாங்கினான். மீதி 30 வெள்ளி பபிள் டீக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

போன வாரம் அவன் அறைக்குப் போயிருந்தேன். இட ஒலிபெருக்கி சரியான இடத்தில் இருந்தது. வல ஒலிபெருக்கிக்கு முன்னால் கணிதப் பயிற்சி நூல்களின் குவியல். ஏன் பாட்டு எப்போதும் இடப்பக்கமே சாய்கிறது என்று என்னிடம் கேட்டான்.